ரேடாருக்குத் தெரியாத மூலை

மின்நிலையக் கோபுரத்தில் இருபத்திரண்டு வருடமாக வானத்தைப் பார்த்து நின்ற காவலாளி அவர். டிபன் டப்பா அளவில் ஒரு ரேடார் வந்து, ட்ரோன்களை அதுவே கண்டுபிடிக்க ஆரம்பித்ததும் அவருக்கு வயிறு எரிந்தது. அவர் எத்தனையோ மழையில் நனைந்தும் வராத கூரை, ரேடாருக்கு மறுநாளே வந்துவிட்டது.

ரேடாரைச் சோதிக்க ஒரு ட்ரோனை வாங்கி, ஓட்டக் கற்றுக்கொடுத்து, அவர் கையிலேயே கொடுத்தார்கள். மெனக்கெட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் தாழ்வாக ஓட்டினார். ரேடார் கண்டுகொள்ளவேயில்லை.

"உங்க செல்லப்பிள்ளைக்கு அந்த மூலை தெரியல சார். எனக்குத் தெரியும்."

ரேடாரைப் பொருத்திய இன்ஜினியர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"நல்லவேளை சொன்னீங்கண்ணே. அந்த மூலைக்கும் ஒண்ணு வாங்கிடலாம், கூரையோட."