வௌவால் குழாயில் பட்டு நூல்

வௌவாலின் மரபணுவில் பட்டுப்புழு எப்படி வந்தது என்று என் ஆராய்ச்சி கைடு போனில் கேட்டார். எனக்குக் காரணம் நன்றாகவே தெரியும். சொல்லத்தான் வாய் வரவில்லை.

காஞ்சிபுரத்துக்கு வெளியே ஒரு பழைய கல் மண்டபம். கிழக்குச் சுவர் வெடிப்பில் ஒரு கூட்டம், மேற்குச் சுவர் வெடிப்பில் ஒரு கூட்டம் என்று கட்டைவிரல் அளவு வௌவால்கள் இருந்தன. காது, பல், இறக்கை எதை அளந்தாலும் இரண்டும் ஒன்றுதான். மரபணுவில் அவை இரண்டு இனம் என்று காட்டுவதுதான் என் ஆராய்ச்சி. அனுமதிக்கு அலைந்ததில் ஒரு ஜோடி செருப்பே தேய்ந்துவிட்டது. பிறகு இறக்கையில் கடுகளவு தோல் எடுத்து, ஆல்கஹால் ஊற்றிய பன்னிரண்டு சின்னக் குழாய்களில் போட்டு, மூடியில் கி, மே என்று எழுதினேன். பொங்கல் விடுமுறையில் ஆய்வகம் பூட்டியிருந்ததால் ஒரு டப்பாவில் அடுக்கி எங்கள் வீட்டு ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு, ஒரு கல்யாணத்துக்கு வெளியூர் போனேன்.

திரும்பி வந்து பார்த்தால் மூடிகளில் எழுத்தே இல்லை. ஒவ்வொரு குழாய்க்குள்ளும் ஒரு துண்டு பட்டு நூல் மிதந்தது.

"யாரும்மா இதைத் தொறந்தது?"

"நான்தான். ஒண்ணு கசிஞ்சி, எழுத்தெல்லாம் கரைஞ்சிக்கினு இருந்துதும்மா. கி போட்டதுல மஞ்சள், மே போட்டதுல அரக்கு போட்டேன். வெளிய கட்டினா வழுக்குது. உனக்கு நாலு வாட்டி போன் பண்ணேன், எடுத்தியா?"

"கை வைக்காதேன்னு டப்பா மேலயே எழுதியிருந்தேனே!"

"அதுவுந்தான் கரைஞ்சிடுச்சி."

அழியாத மை என்று அந்தப் பேனாவிலேயே அச்சடித்திருந்தது. நான் தலையில் அடித்துக்கொண்டு கத்தினேன். அம்மா தறிக்காரர்களுக்கு நூல் பிரித்துக் கொடுப்பவர். புடவையின் உடலுக்கு எது, கரைக்கு எது என்று அவர் ஒரு நாளும் மாற்றிக் கொடுத்ததில்லை. அதையும் பெருமையாகச் சொல்லிக்காட்டினார். எனக்கு எரிச்சல் இன்னும் கூடியது.

வேறு வழியில்லாமல் நூலை எடுத்துப் போட்டுவிட்டு, எந்தக் குழாயில் எந்த நிறம் என்று மட்டும் குறித்து ஆய்வகத்தில் கொடுத்தேன். முதல் சோதனையில் வௌவாலோடு பட்டுப்புழுவும் கலந்து வந்தது. அதற்குத்தான் கைடின் போன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. வௌவாலின் மரபணுவை மட்டும் காட்டும் முறையில் மறுபடி செய்யச் சொன்னார்.

இந்த முறை சுத்தமாக வந்தது. மஞ்சள் ஆறும் ஓர் இனம், அரக்கு ஆறும் வேறு இனம். ஒன்றுகூட மாறவில்லை. சந்தோஷத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"சரி, இதுல எது கிழக்குச் சுவர்?" என்றார் கைடு.

"மஞ்சள்தான் சார்."

"யார் சொன்னது?"

"எங்க அம்மா."

"அம்மா சொன்னாங்கன்னு ஆராய்ச்சியில எழுத முடியாதும்மா. போய் மறுபடி எடுத்துட்டு வா."

வண்டியை எடுத்துக்கொண்டு மண்டபத்துக்கு ஓடினேன். மராமத்து நடந்துகொண்டிருந்தது. இரண்டு சுவரிலும் வெடிப்பு முழுக்க சிமெண்ட் பூசியாகிவிட்டது.

"வவ்வாலா மேடம்? அதெல்லாம் எப்பவோ பறந்து போச்சி" என்றார் மேஸ்திரி.

எனக்கு யார்மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை. பேனா கம்பெனியிலிருந்து மேஸ்திரிவரை எல்லாரையும் மனதுக்குள் திட்டிக்கொண்டே வீடு வந்தேன். அம்மா சொன்னது சரி என்பதில் எனக்குத் துளிச் சந்தேகமும் இல்லை. ஒன்றிரண்டு குழாயில் அவர் நிறத்தை மாற்றிப் போட்டிருந்தால்கூட ஆறுக்கு ஆறு இப்படிப் பிரிந்திருக்காது. மொத்தமாகத் தலைகீழாக நினைவு வைத்திருந்தால் என்று கைடு கேட்பார். நியாயமான கேள்விதான். அதுதான் இன்னும் வயிற்றெரிச்சல்.

அன்று மாலை கணினியில் அட்டவணையைத் திறந்தேன். சேகரித்த சுவர் என்ற இடத்தில், தெரியவில்லை என்று ஆங்கிலத்தில் பன்னிரண்டு முறை அடித்தேன். அம்மா பின்னால் வந்து நின்று திரையைப் பார்த்தார். அவருக்கு ஆங்கிலம் படிக்க வராது.

"நான் சொன்னது இதுல இருக்குதாம்மா?"

"இருக்குதும்மா" என்றேன்.