ஸ்டவ்வை வீட்டிலேயே வைத்துவிட்டு அந்தமான் வந்த லோகு அக்கா

லோகு அக்கா இன்று விடியற்காலை போய்விட்டார். நெமிலிச்சேரியில், மகள் வீட்டில்... தூக்கத்திலேயே.

போன் வந்தபோது முருகனுக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தேன். வைத்து முடித்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

ஆவடி ஃபேக்டரி குவார்ட்டர்ஸில் எங்களோடு இருந்தவர்களுக்கு அக்காவைத் தெரிந்திருக்கும். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன், எங்கள் எதிர் வீடு. அவர் வீட்டுக்காரர் ஏழுமலை அண்ணனும் என் வீட்டுக்காரரும் ஃபேக்டரியில் ஒரே ஷிஃப்ட்.

எண்பதுகளின் கடைசியில் இரண்டு குடும்பமும் சேர்ந்து அந்தமான் போனோம். எல்.டி.சி. என்று ஃபேக்டரியில் பயணச் செலவு தருவார்களே, அதில்தான். மெட்ராஸ் துறைமுகத்திலிருந்து கப்பல்.

அப்போதெல்லாம் குவார்ட்டர்ஸ்காரர்கள் ஊர் சுற்றப் போனால் பம்ப் ஸ்டவ், அரிசி, புளி, மிளகாய்த்தூள் எல்லாம் மூட்டையாகக் கூட வரும். ஹோட்டல் சாப்பாடு கட்டுப்படியாகாது. ஆண்களுக்கு அது இறங்கவும் இறங்காது...

அதனால் போர்ட் பிளேயர் போயும் நானும் அக்காவும் சமைத்தோம். பவளப்பாறை பார்க்கும் தீவுக்குக் காலையில் ஒரே படகு. புளிசாதம் கிளறிக் கட்டிக் கொடுத்துவிட்டு நாங்கள் புறப்படுவதற்குள் அது கிளம்பிவிடும் என்று ஆண்களும் பிள்ளைகளும் பொட்டலத்தோடு ஓடினார்கள். நாங்கள் இருவரும் லாட்ஜில்.

சாயங்காலம் திரும்பி வந்தவர்கள் கதை கதையாகச் சொன்னார்கள். கண்ணாடியும் குழாயும் மாட்டித் தலையைத் தண்ணீருக்குள் விட்டால் மீன் முகத்துக்கு நேராக வருகிறதாம். அக்கா ராத்திரிச் சாப்பாட்டுக்கு வெங்காயம் நறுக்கியபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

திரும்பும் கப்பலில் மேல்தளத்தில் நின்று என்னிடம் சொன்னார். "இன்னொரு தபா வருவேன் கண்ணு. தலைய உள்ள வுட்டுப் பாத்துட்டுத்தான் மறு வேல."

அடுத்த எல்.டி.சி.க்கு நாலு வருஷம் ஆகும். அந்த நாலு வருஷமும் அக்கா அந்தமானுக்குத் தயாராகிக்கொண்டே இருந்தார். சிரிக்காதீர்கள், நிஜம்.

வரவு செலவு எழுதுகிற கை என்பதால் என்றைக்கு எங்கே போவது, என்ன சாப்பிடுவது என்று திட்டம் போடுவது என் வேலை. நான் இட்லி என்று சொன்னால் அக்கா நண்டு என்பார். "நீ இட்லி துன்னு, எனக்கு நண்டு. ஆனா ரெண்டு பேரும் குந்திகினு துன்றோம்."

அங்கே ஒரு மலை உண்டு, போன முறை அதையும் விட்டுவிட்டோம். மலை ஏற அக்கா கேன்வாஸ் ஷூ வாங்கினார். புடவையும் ஷூவுமாகக் குழாயடிக்கு வருவதைப் பார்த்து குவார்ட்டர்ஸ் பெண்கள் பி.டி. டீச்சர் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள்.

நான் கிருத்திகைக்குத் திருத்தணி படி ஏறுவேன். ஏறிப் பழகலாம் என்று அக்காவும் ஷூவோடு கூட வந்துவிடுவார். வேண்டுதலையும் டூரையும் ஒன்றாகச் சேர்க்கலாமா என்று எனக்கு உறுத்தல்.

"முருகன் கோச்சிக்க மாட்டாரு. அவரே மலமேலதான குந்திகினு கீறாரு" என்றார்.

தண்ணீருக்குள் வாயால்தான் மூச்சு விட வேண்டும் என்று ஏதோ வாரப் பத்திரிகையில் படித்துச் சொன்னேன். மறுநாளே பின்கட்டில் அண்டா நிறையத் தண்ணீர். மூக்கில் துணி கிளிப், வாயில் பச்சை ஹோஸ் துண்டு, முகம் அண்டாவுக்குள்... ஏழுமலை அண்ணன் டியூட்டி முடிந்து வந்து பார்த்துவிட்டு வந்த வழியே திரும்ப வெளியே போய்விட்டார்.

ஒருவழியாகத் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மறுபடியும் கப்பல் ஏறினோம்.

கரை மறைந்த பிறகுதான் அண்ணன் மூட்டைகளை எண்ணிப் பார்த்தார். "இன்னாமே, ஸ்டவ் எங்க?"

"ஊட்லயே கீது."

"மறந்துட்டியா?"

"இல்லய்யா. வெச்சுட்டு வந்தேன்."

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் கடலைப் பார்த்தேன். அண்ணன் போர்ட் பிளேயர் வரைக்கும் அக்காவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

இந்த முறை படகில் முதலில் ஏறியது அக்காதான். மகளின் சுடிதாரைப் போட்டுக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் நின்றார், நான் கையைப் பிடித்துக்கொண்டேன். முதல் தடவை குனிந்ததுமே உப்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு ஒரே இருமல், கண்ணெல்லாம் சிவந்துவிட்டது.

அண்டாவில் அலை கிடையாது... அதை நாங்கள் யோசிக்கவே இல்லை.

இரண்டாவது தடவையும் அதேதான். போதும், வா என்று கரையிலிருந்து அண்ணன் கூப்பிட்டார். அக்கா அசையவில்லை. கண்ணாடியைக் கழற்றவும் இல்லை. என் விரல்களை இறுக்கிப் பிடித்தபடி நின்றார்.

அண்ணன் பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். இழுத்துக்கொண்டு போகத்தான் வருகிறார் என்று நினைத்தேன். வந்து அக்காவின் இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டார்.

"வுடு தலைய. நாங்க புட்ச்சிகினு கீறோம்."

அக்கா முகத்தை உள்ளே விட்டார்.

வெகுநேரம் வரவில்லை. குழாய் மட்டும் மேலே தெரிந்தது. நான் கந்தா, முருகா என்று சொல்லிக்கொண்டே நின்றேன்.

வெளியே வந்து கண்ணாடியைக் கழற்றினார். என்ன பார்த்தாய் என்று அண்ணன்தான் கேட்டார். அக்கா மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார்.

"கீழ நெறைய பேரு கீறாங்கய்யா..."

அன்று சாயங்காலம் ஒரு சின்ன ஹோட்டலுக்குப் போனோம். சாப்பாடு மேஜைக்கு வந்ததுமே அக்கா பழக்கதோஷத்தில் எழுந்து சாம்பார் வாளியை வாங்கப் போனார். அண்ணன் தோளைப் பிடித்து உட்கார வைத்தார். "குந்து. அவங்க போடுவாங்க."

நாளைக் காலையில் எடுக்கிறார்கள். நான் போகிறேன். ஏழுமலை அண்ணன் அக்காவுக்கு முன்னாடியே போய்ச் சேர்ந்துவிட்டார்...

அக்கா, உட்காருங்க. அங்கேயும் எழுந்திரிக்காதீங்க. யாராவது போடட்டும்.