விபூதி போட்டுத் துலக்கிய தட்டு

கைபேசியில் வீடியோ நின்று நின்று ஓடியதும் பெரியப்பா வேட்டி நுனியால் திரையைத் தேய்க்கத் தொடங்கினார். எண்பது வயதாகியும் அந்தக் கை திருந்தவில்லை.

பெங்களூர் சிவாஜிநகரில் அவர் பேரம் பேசி வாங்கி வந்த விசிடி பிளேயரும் இப்படித்தான். எந்தத் தட்டைப் போட்டாலும் திக்கித் திணறி உறைந்துவிடும். பிளேயர் மட்டம் என்று சொல்லிவிட முடியுமா? வாங்கியவர் அவராயிற்றே! பழியெல்லாம் தட்டை அழுக்காக்கிய எங்கள் விரல்களுக்குத்தான்.

அக்காவின் கல்யாணப் படமும் ஒரு வெள்ளிக்கிழமை அப்படி நின்றது. பூஜைக்காக வெள்ளி விளக்கைத் துலக்கிக்கொண்டிருந்தவர், அதே விபூதியை அள்ளித் தட்டின் மேல் கொட்டினார்.

"வேணாம் மாமா, அவரு அதுல மட்டும்தான் இருக்காரு," என்று அம்மா கெஞ்சினாள். அப்பா இறந்து சில மாதங்களே ஆகியிருந்தன.

"ஸ்வல்ப இரும்மா. வெள்ளியே பளபளன்னு ஆவுது, இது என்னா பெரிய தட்டு?"

அழுத்தி அழுத்தித் தேய்த்தார். அதற்குப் பிறகு அது எந்த பிளேயரிலும் ஓடவில்லை. வீடியோக்காரன் சரியாகப் பதியவில்லை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

இப்போது பளபளக்கும் கைபேசியைப் பெருமையாக என்னிடம் நீட்டினார்.

"அக்கா கல்யாணத்துல உங்கப்பன் பந்தியில ஓடியாடிப் பரிமாறுவானே, அத்தக் கொஞ்சம் போடு. பார்த்து ரொம்ப நாளாச்சு."