ஒன்பது தரம் வந்த படம்

என் அண்ணர் சிற்றம்பலம் காய்ச்சலில் போய் இன்றோடு முப்பத்தொரு நாள். அந்தியேட்டிக் கிரியைக்கு வந்தவர்கள் எல்லோரும் ஒரே விஷயத்தைத்தான் சொன்னார்கள்: ஆள் நல்லவர், ஆனால் கதைக்கத் தெரியாது.

அது உண்மை. நெடுங்கேணிக்குக் கிட்ட, எங்கள் ஊர்க் கூட்டுறவுச் சங்கக் கடையில் அவர் அரிசி, மா, சீனி நிறுப்பவர். யாரோடு பேசினாலும் முகத்தைப் பார்க்கமாட்டார், சட்டைப் பொத்தானைப் பார்த்தே பேசுவார். ஒரு கலியாண வீட்டில் மாப்பிள்ளையிடம் போய், "உங்கட இடக்கால் செருப்பு மட்டும் தேஞ்சு கிடக்கு, இடுப்பு நாரி நோகுதோ?" என்று கேட்டவர். அவருக்குப் பெண் பார்த்த இரண்டு இடத்திலும் காரியம் கூடிவரவில்லை.

எண்பத்து நான்காம் ஆண்டு ஊரில் ஒரே ஒரு தொலைக்காட்சிதான் இருந்தது, அப்புத்துரை வீட்டில். மின்சாரம் இல்லாததால் உழவு இயந்திரத்தின் பற்றரியைக் கழற்றிக் கொண்டுவந்து பூட்டுவார்கள். புதன்கிழமை மாலை ஏழு மணிக்கு ஓர் ஆங்கிலத் துப்பறியும் நாடகம் போகும். நான் படித்தவன் என்பதால் கதையைத் தமிழில் சொல்லிக்கொண்டிருப்பேன். அதில் வரும் துப்பறிபவருக்குக் கைகுலுக்கத் தெரியாது. செத்த வீட்டில் நின்று, அலுமாரியில் ஏன் தூசி இல்லை என்று கேட்பார். அப்போதெல்லாம் அப்புத்துரை அண்ணரைத் திரும்பிப் பார்ப்பார்.

"டேய் சிற்றம்பலம், உன்னை எப்ப சீமைக்குக் கூட்டிக்கொண்டு போனவங்கள்?"

எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன். அண்ணர் திரையிலிருந்து கண்ணை எடுக்கமாட்டார்.

அந்தப் புதன்கிழமை நல்ல காற்று; படம் போய்ப் போய் வந்தது. நாடகம் முடிந்து அப்புத்துரை தோட்டத்துக்குப் போனார். ஏழு மணிக்குச் சற்று முன் கிணற்றடியில் சாக்குப் போட்டு மூடிவிட்டு வந்த, தண்ணீர் இறைக்கிற மிசினைக் காணவில்லை. ஊரில் அநேகமாக எல்லோரும் அந்த ஒரு மணித்தியாலமும் அவர் வீட்டு விறாந்தைக்குள் ஒன்றாக இருந்தவர்கள். இல்லாதவன் அவருடைய கூலியாள் ராசு மட்டும்தான் என்று அவரே முடிவு கட்டினார். ராசு எழுபத்தேழுக் கலவரத்தில் மலையகத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து பெண்டாட்டி பிள்ளைகளோடு தப்பி வந்தவர்.

காலையில் ராசுவைப் பிடித்துச் சந்திக்குக் கொண்டுவந்தார்கள். பத்து மணி பஸ்ஸில் வவுனியாவுக்கு ஏற்றிப் பொலிசில் கொடுப்பது என்று பேச்சு. அந்த நாட்களில் பொலிசுக்குப் போன தமிழன் எப்போது திரும்புவான், திரும்புவானா என்று யாராலும் சொல்ல முடியாது. அங்கே நின்ற எல்லோருக்கும் அது தெரியும். ராசுவின் மனைவி ராக்காயி சங்கக் கடைப் படியில் தலையில் கைவைத்துக் குந்தியிருந்தாள். அப்புத்துரை சொல்ல, ராசுவின் கையைப் பின்னால் கட்டியது நான்.

"நான் வீட்டுக்குப் பின்னாடி அன்ரெனா கம்பத்துக்கிட்டதாங்க நின்னேன்," என்றார் ராசு. "அத விட்டு நகரலைங்க."

"ஆர் கண்டது?" அப்புத்துரை எங்களைப் பார்த்தார். "நீங்கள் ஆரும் இவனைக் கண்டனீங்களோ?"

இல்லை என்றார்கள். நானும் இல்லை என்றேன். நாங்கள் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அப்போதுதான் அண்ணர் கடையை விட்டு இறங்கி வந்தார். கையெல்லாம் மா. கூட்டத்தின் நடுவில் வந்து நின்று அப்புத்துரையின் பொத்தானைப் பார்த்தார்.

"அப்புத்துரையண்ணை, மேல் பொத்தான் வேற நூலில தச்சிருக்கு."

கூட்டம் சிரித்தது. "துப்பறியிற ஆள் வந்திட்டார், வழி விடுங்கோ," என்றார் பரமலிங்கம் என்ற உழவு இயந்திரக்காரர்.

அண்ணரின் கழுத்து வேர்த்துப் போயிருந்தது. பஸ் ஆலடி வளைவில் ஹோர்ன் அடிப்பது கேட்டது. அவர் கடைப் பக்கம் ஓர் அடி திரும்பினார். போய்விடுவார் என்று நினைத்தேன். போய்விட்டால் நல்லது என்றும் நினைத்தேன்.

"நேற்றுப் படம் ஒன்பது தரம் போனது," என்றார். "ஒன்பது தரமும் திரும்பி வந்தது."

"அதுக்கென்ன இப்ப?"

"காத்து அன்ரெனாவைத் திருப்பி விட்டுது. காத்தே அதைத் திரும்பக் கொண்டுவந்து வைக்காது. ஆரோ கம்பத்தைப் பிடிச்சுத் திருப்பினது. கடைசியாப் போனது நாடகத்தில கள்ளனைக் காட்டேக்கை. அதுவும் வந்தது. உங்கட தோட்டத்துக்குப் போய் மிசினைத் தூக்கிக்கொண்டு வர அரை மணித்தியாலம் வேணும். படம் ஒருக்காலும் பத்து நிமிசத்துக்கு மேல ஒழுங்கா நிக்கேல்லை, போன ஒவ்வொரு தரமும் உடன திரும்பி வந்தது. உள்ளுக்கிருந்து ஆர் எழும்பிப் போனது?"

"வேற ஆரும் திருப்பியிருக்கலாம்," என்றார் அப்புத்துரை.

"ஆர்? பேரைச் சொல்லுங்கோ."

பஸ் வந்து நின்றது. கொண்டக்டர் தலையை நீட்டி, ஏறுகிறவர்கள் ஏறுங்கோ என்றான். அப்புத்துரை ராசுவின் தோளைப் பிடித்துத் தள்ளினார்.

கூட்டத்தின் பின்னால் இருந்து அப்புத்துரையின் மனைவி இராசமலர் சொன்னாள்: "நான்தானே படம் போகேக்கை யன்னலுக்குள்ளால கூப்பிட்டனான். ஒவ்வொருக்காலும் 'சரிங்களாம்மா' எண்டு அவன்தான் கேட்டவன்."

"பின்னை ஏனப்பா இவ்வளவு நேரமும் சொல்லேல்லை?" என்றார் அப்புத்துரை.

"கண்டனீங்களோ எண்டெல்லோ கேட்டனீங்கள். நான் காணேல்லை, கேட்டனான். நீங்களும்தான் கேட்டனீங்கள்."

அண்ணர் தரையைப் பார்த்தபடி சொன்னார்: "எல்லாரும் கேட்டனாங்கள். என்ர தம்பியும் கேட்டவன். கம்பத்தில நிண்ட ஆளை நினைக்கேல்லை."

கொண்டக்டர் இரண்டு தரம் மணியடித்தான். பஸ் போய்விட்டது.

"சரி, போடா," என்றார் அப்புத்துரை.

ராசு அசையவில்லை. "கட்டுனவுக அவுக்கட்டும்," என்றார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் அவர் பின்னால் போய்க் குனிந்தேன். மணிக்கட்டில் தோல் உரிந்திருந்தது. நகத்தால் இழுத்தும் முடிச்சு இளகவில்லை. கடைசியில் பல்லால் கடித்து இழுத்தேன். அதுவரை ஒருவரும் போகவில்லை. கயிறு விழுந்ததும் ராசு என்னைத் திரும்பிப் பார்க்காமல் ராக்காயியோடு நடந்தார்.

மிசின் கடைசிவரை கிடைக்கவில்லை. அன்று பின்னேரம் வீட்டுக்குப் போகும் வழியில் அண்ணர் என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். அரை மைல் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். பிறகு என் சட்டையைப் பார்த்துச் சொன்னார்:

"முடிச்சு நல்ல இறுக்கமாப் போட்டிருந்தனி."

அவர் கோபத்தில் சொல்லவில்லை. பார்த்ததைச் சொன்னார், அவ்வளவுதான்.