சாம்பல் சிமெண்டும் ஏலக்காய் அடுப்பும்

போடியில் பாதி மாடி வீடுகள் நான் எழுப்பியவை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன்தான். ஆனால் சிமெண்டை விரலில் தேய்த்தே அதன் யோக்கியதையைச் சொல்லிவிடுவேன். அப்படிப்பட்ட என்னை, சாம்பல் கலந்த சிமெண்டு ஒன்று மலையில் வைத்துக் கேவலப்படுத்தியது.

குரங்கணிக்கு மேலே ஒரு தோட்டக்காரர், ஏலக்காய் உலர்த்தும் அறைக்குப் புதுத் தளம் கேட்டார். காய் எடுப்புக்குப் பன்னிரண்டு நாள்தான் இருந்தது. ஜீப்பில் வந்த மூட்டையெல்லாம் அனல்மின் நிலையத்து நிலக்கரிச் சாம்பல் கலந்தவை. கடைகளில் இப்போது பெரும்பாலும் அதுதான். தளம் போட்டு மூன்றாம் நாளும் ஆணியால் கீறினால் கோடு விழுந்தது. வெளியே ஓயாத சாரல். எனக்கு எரிச்சலான எரிச்சல்.

கட்டடப் படிப்பு படித்த என் மகளுக்குப் போன் போட்டேன்.

"குளிர்ல அது மெதுவாத்தாம்ப்பா இறுகும். ஈரச்சாக்கைப் போட்டு ரெண்டு வாரம் தண்ணி ஊத்துங்க."

"அதுக்குள்ள காயெல்லாம் பழுத்து வெடிச்சுரும் தாயி. நீ பொறக்குறதுக்கு முந்தியே தளம் போட்டவன் நான்."

"அப்பறம் எதுக்கு எங்கிட்டக் கேக்குறீங்க?"

போனை வைத்துவிட்டேன்.

பச்சைக்காயை ஒரே நாளில் சுருக்கிவிடும் அந்த அறையின் விறகு அடுப்புக்கு, இந்தத் தளம் எம்மாத்திரம் என்று தோன்றியது. விறகைத் திணித்து ஒரு பகல் முழுக்க எரித்தேன். தோட்டக்காரரும் தலையாட்டினார். சாயங்காலம் தளம் வெளுத்துக் கல்லாகத் தெரிந்தது. "பாத்தீகளா" என்று மார்தட்டினேன்.

மறுநாள் காலையில் கூட்டினால் மாவாக வந்தது. மூலைக்கு மூலை விரிசல்.

"என்னண்ணே, கோலம் போடவா மாவு அரைச்சு வச்சிருக்கீக?" என்றார் தோட்டக்காரர்.

"சாம்பலைக் கலந்து விக்கிறான். எப்படி நிக்கும்?"

"சாம்பலா வந்து அடுப்பைப் பத்தவச்சுச்சு?"

சிமெண்டு காய்ந்து இறுகுவதில்லை, ஈரத்தில்தான் இறுகும். சாம்பல் கலந்ததற்கு இன்னும் கூடுதல் நாள் ஈரம் வேண்டும். ஊருக்கெல்லாம் தண்ணீர் ஊற்றச் சொன்ன வாய் என்னுடையது. விறகைத் திணித்த கையும் என்னுடையதுதான்.

முதல் எடுப்புக் காய், மூட்டை மூட்டையாக அடுத்த தோட்டத்து அடுப்புக்குப் போவதென்று முடிவாயிற்று. நான் உளியோடு உட்கார்ந்து தளத்தை உடைத்தேன். மறுபடியும் அதே சிமெண்டில் போட்டு, ஈரச்சாக்கை விரித்தேன். மகளுக்கு இன்னும் சொல்லவில்லை. தோட்டக்காரர் அடுப்பின் இரும்புக் கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

"சாவியை ரெண்டு வாரம் கழிச்சுக் கேளுங்கண்ணே" என்றார்.

குடத்தை எடுத்துக்கொண்டு ஓடைக்கு இறங்கினேன்.