மருதாணிச் செடியில் ஒரு முடிச்சு

இரண்டு பறவைக் குஞ்சுகளைக் கொன்றவன் நான். அந்தப் பழி ஏழு வயதுச் சிறுமி ஒருத்தியின் மேல் விழுந்தபோது வாயை மூடிக்கொண்டு நின்றவனும் நான்தான். நின்றதோடு விட்டேனா? பெரிய மனுஷன் மாதிரி அவளை மன்னிக்கவும் செய்தேன்!

சுற்றி வளைத்து அழகாகச் சொல்ல எனக்கும் தெரியும். சொல்ல மாட்டேன். நீங்கள் பாதியில் எழுந்து போனாலும் சரி, முழுவதையும் சொல்லிவிடுவது என்று முடிவெடுத்துத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

2009, பங்குனி மாதம். எனக்குத் திருப்பாதிரிப்புலியூரில் மருந்துக்கடை. ஞாயிற்றுக்கிழமையானால் கடைக்குப் பூட்டு, கழுத்தில் கேமரா. மனைவியின் தம்பி சேகர் கார் ஓட்டுவான். கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் சாலையில் கண்ணில் படுகிற குளம், உப்பங்கழி, புதர் எல்லாவற்றிலும் நிறுத்தி நிறுத்திப் படம் எடுப்பேன். பறவை என்றால் எனக்கு உயிர்... அப்படித்தான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

புதுச்சத்திரம் தாண்டி, சாலையோரம் செல்வி என்ற பெண் டீக்கடை வைத்திருந்தாள். கடைக்குப் பின்னால் வீடு. வீட்டையொட்டிய மருதாணிச் செடியில் கொண்டைக்குருவி கூடு கட்டியிருக்கிறது என்று அவள்தான் சொன்னாள். சொல்வதற்கு முன் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

“ரொம்பக் கிட்டக்கப் போவாதீங்க சார். பூனை வருதுன்னு நானும் எம் பொண்ணு மீனாவும் மாத்தி மாத்திக் காவலு இருக்கோம். மனுசக் கை பட்டுச்சின்னா தாய்க்குருவி அப்பறம் குஞ்சச் சேத்துக்காது.”

தொடவே மாட்டேன் என்றேன். தொடவில்லை, உண்மைதான்...

கூட்டுக்கு மேல் ஒரு கிளை குடைபோலக் கவிந்திருந்தது. நிழல். படத்துக்கு நிழல் ஆகாது. இதற்கு எங்களிடம் ஒரு வழி உண்டு. கிளையை வெட்டாமல், தூண்டில் நரம்பால் பின்னுக்கு இழுத்துக் கட்டிவிடுவோம். மெல்லிய நைலான் இழை. படத்தில் விழாது, பக்கத்தில் போனாலும் சட்டென்று தெரியாது. படம் எடுத்து முடித்த கையோடு அவிழ்த்துவிட வேண்டும். இறகு முளைக்காத குஞ்சு வெயில் தாங்காது. இது எனக்குத் தெரியாதா? புதிதாகக் கேமரா வாங்கியவர்களுக்கெல்லாம் பாடம் எடுத்தவனே நான்தானே!

கட்டினேன். தாய்க்குருவி புழுவோடு வந்தது. இரண்டு குஞ்சுகளும் சிவந்த வாயைப் பிளந்தன. என் வாழ்நாளில் நான் எடுத்த சிறந்த படம் அதுதான்... இன்றைக்கும் அதை என்னால் மறுக்க முடியவில்லை.

அப்போது போன் வந்தது. கிள்ளை ஊர்ப் பக்கம் உப்பங்கழியில் பூநாரைகள் இறங்கியிருக்கின்றனவாம். ஓடினேன். ஓடுகிற ஓட்டத்தில், “தாய்க்குருவி பயப்படும், இன்னைக்கு யாரும் செடிப்பக்கம் போவாதீங்க” என்று செல்வியிடம் புத்தி வேறு சொல்லிவிட்டு ஓடினேன்.

பரங்கிப்பேட்டைக்குத் திரும்பும் இடத்தில் சேகர் கேட்டான்.

“மாமா, அந்த நரம்ப அவுத்துட்டீங்கல்ல?”

“அவுத்துட்டேன் மச்சான். நீ வண்டிய வுடு.”

அவிழ்க்கவில்லை! அவன் கேட்ட நொடியிலேயே எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. மறந்தே போயிருந்தால் இன்று இதைச் சொல்லியிருக்க மாட்டேன். மறதியை யார்தான் பொறுத்துக்கொள்ள மாட்டார்கள்? ஞாபகம் வந்தும் திரும்பவில்லை. திரும்பினால் பூநாரை போய்விடும். நினைத்ததை முடிக்காமல் விடமாட்டான் என்று ஊரில் என்னைப் பற்றிப் பெருமையாகப் பேசுவார்கள். அந்தப் பிடிவாதம்... ‘கொஞ்ச நேரம்தானே, ஒன்றும் ஆகாது’ என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். காரில் ஏசியைப் போட்டுக்கொண்டு!

நாங்கள் போவதற்குள் பூநாரைகள் எழும்பிவிட்டன. திரும்பும்போதாவது டீக்கடையில் நிறுத்தினேனா? இல்லை. பார்க்கப் பயம். தூங்குகிறவன்போலக் கண்ணை மூடிக்கொண்டேன்.

சில வாரம் கழித்து, படத்தைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு எடுத்துக்கொண்டு செல்வியின் கடைக்குப் போனேன். குஞ்சுகள் எப்படியாவது பிழைத்திருக்கும் என்று ஒரு நப்பாசை.

“அன்னைக்கி சாயங்காலமே ரெண்டும் செத்துப்போச்சி சார். எறும்பு மொச்சிக் கெடந்துச்சி. எல்லாம் இவ வேல. கைய வச்சிருக்கா! தொடலன்னு சாதிக்கிறா. கரண்டிக் காம்பு வளையிற மட்டும் அடிச்சேன், அப்பவும் பொய்ய விடல.”

மீனா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முழங்கைக்குக் கீழே தழும்பு.

“நான் தொடல சார்” என்றாள் என்னிடம்.

அவளுக்குப் பின்னால் மருதாணிச் செடி. அந்தக் கிளை இன்னும் இழுபட்டபடியே நின்றது.

நீங்களாக இருந்தால் அங்கேயே சொல்லியிருப்பீர்கள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? “சின்னப் புள்ளதானே, தெரியாமப் பண்ணியிருக்கும். விடும்மா, இனிமே அடிக்காத.” செல்விக்குக் கண் கலங்கிவிட்டது. மீனா உள்ளே ஓடிவிட்டாள். செல்வி அடுப்பைப் பார்க்கத் திரும்பிய நேரத்தில் முடிச்சை அறுத்து, நரம்பைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

மூன்று வருடம் அந்தப் பக்கமே போகவில்லை. படத்தை எத்தனையோ பேர் பாராட்டினார்கள். கூசாமல் நன்றி சொன்னேன். போன மாதம், உடைந்த ஒரு கண்ணாடி டம்ளருக்காக என் மகளை அதட்டினேன். “நான் உடைக்கலப்பா” என்று அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவளுக்கும் ஏழு வயது. அதற்கு மேல் என்னால் முடியவில்லை... காறித் துப்பினாலும் சரி, சொல்லியே தீர்வது என்று கிளம்பினேன்.

நரம்பு, போன், பூநாரை, முடிச்சை அறுத்தது... ஒன்றுவிடாமல் சொன்னேன். செல்வி துப்பவில்லை. கையெடுத்துக் கும்பிட்டாள்!

“நீங்க நல்ல மனசுக்காரரு சார். அன்னைக்கும் எம் பொண்ணுக்காகப் பேசுனீங்க. இப்ப அவ பழிய ஒங்க தலையில போட்டுக்கிறீங்களே, வேணாம் சார்.”

“சத்தியமா நான்தாம்மா!” கத்தியேவிட்டேன். மீனாவிடம் திரும்பினேன். அஞ்சாம் வகுப்புப் படிக்கிறாள் இப்போது. “நீ தொடல. அன்னைக்கு எங்கிட்டயே சொன்னியேம்மா...”

அவள் நிதானமாகச் சொன்னாள். “இல்ல சார். நான்தான் தொட்டேன். ஒரு குஞ்ச எடுத்துக் கையில வச்சிருந்தேன். சூடா இருந்திச்சி. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு.”

ஒருவேளை உண்மையாகவே தொட்டிருப்பாளோ என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது... தோன்றியவுடன் மனசுக்குள் ஒரு நிம்மதி வந்ததே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை! தொட்டிருந்தால்தான் என்ன? வெயிலில் வைத்தவன் நான்.

செல்வி மகளின் தலையைத் தடவிக்கொடுத்தாள்.

“பாத்தீங்களா சார், இப்பல்லாம் பொய்யே சொல்றதில்ல.”

வரும் ஞாயிறும் போவேன். அதற்கடுத்த ஞாயிறும் போவேன். ‘நான் தொடல’ என்று அந்தப் பெண் இன்னொரு தடவை தன் வாயால் சொல்லும்வரை விடமாட்டேன். சொல்வாளா... எனக்குத் தெரியாது.