சண்முகத்தாயின் பத்து நாள்

சிங்கப்பூர் போக நாள் குறித்ததும் சண்முகத்தாய்க்கு வந்த முதல் கவலை, கம்பெனியில் தன் இடத்தில் யாரை உட்கார வைப்பது என்பதுதான். ஆனைக்குட்டம் பக்கத்துப் பட்டாசுக் கம்பெனியில் இருபத்திரண்டு வருடமாகப் பூச்சட்டிப் புஸ்வாணத்துக்கு மருந்து கெட்டித்து அடைத்துக்கொண்டிருந்தாள். 2007 மே மாதம். தீபாவளி ஆர்டர் குவிந்து கிடந்தது. பதிலுக்கு ஆள் விட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று போர்மேன் கறாராகச் சொல்லிவிட்டார்.

அடுத்த தெரு மாடத்தி அதே கம்பெனியில் பாக்கிங் பிரிவில் இருந்தாள். சண்முகத்தாய் அவளிடம் போய் நின்றாள்.

“பத்தே நாளு மாடத்தி. வந்ததும் நான் உக்காந்துக்கிறேன்.”

“போயிட்டு வாங்க மதினி. மகன் கூப்பிடுறான், இதுக்குப் போயி யோசிக்கிறீகளே,” என்று மாடத்தி சிரித்தாள்.

மகன் பாண்டிராஜ் சிவகாசியில் ஆப்செட் மிஷின் ஓட்டப் பழகி, நான்கு வருடமாகச் சிங்கப்பூரில் ஓர் அச்சகத்தில் வேலை பார்த்தான். அப்பா வேலுச்சாமியையும் அம்மாவையும் தங்கை இசைவாணியையும் ஒரு தடவையாவது கூட்டிவந்து சுற்றிக்காட்ட வேண்டும் என்பது அவன் ஆசை. திருச்சியில் விமானம் ஏறினார்கள்.

சிராங்கூன் சாலைக்குப் பக்கத்தில் ஓர் அறை. காலையில் யாரும் எழுப்பவில்லை, கம்பெனி வண்டியின் ஹாரன் இல்லை. எட்டு மணி வரை படுத்திருப்பது சண்முகத்தாய்க்கு முதலில் கூச்சமாக இருந்தது, பிறகு பிடித்துப்போனது. கடற்கரையில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தாள். நான்காம் நாள், நகக்கண்ணில் எப்போதும் அப்பியிருக்கும் மருந்தின் வெள்ளிப்பொடி போய்விட்டதைக் கவனித்தாள். இசைவாணி அந்த நகங்களுக்குச் சிவப்புச் சாயம் பூசிவிட்டாள். கையை நீட்டி நீட்டிப் பார்த்துக்கொண்டாள். வேலுச்சாமிகூடக் கேலி செய்தார்.

புதன்கிழமை பறவைப் பூங்காவுக்குப் போனார்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பாண்டிராஜுக்குப் போன் வந்தது. தள்ளிப்போய்ப் பேசினான். திரும்பி வரும்போது முகம் கழுவியிருந்தான்.

“யாருலே?”

“கம்பெனியிலருந்தும்மா. வா, ஐஸ் சாப்பிடலாம்.”

அன்று சாயங்காலத்திலிருந்து வேலுச்சாமி சரியாகச் சாப்பிடவில்லை. வயிறு சரியில்லை என்றார். மறுநாள் மாடத்திக்கு ஒரு போன் போடச் சொல்லிச் சண்முகத்தாய் கேட்டபோது, லைன் கிடைக்கவில்லை என்றான் பாண்டிராஜ். அவளும் விட்டுவிட்டாள். மிச்ச மூன்று நாளும் அவர்கள் அவளை ஓர் இடம் விடாமல் கூட்டிப்போனார்கள்.

திரும்பும்போது திருச்சியிலிருந்து வேன். விருதுநகரில் டீ குடிக்க நிறுத்தினார்கள். இசைவாணி வண்டிக்குள் தூங்கிக்கொண்டிருந்தாள். வேலுச்சாமி டம்ளரைக் கீழே வைத்தார்.

“மாடத்தி போயிட்டா.”

“எங்க?”

அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். சண்முகத்தாய்க்கு அப்போதுதான் புரிந்தது.

“என்னைக்கு?”

“புதன்கிழமை. பத்தரை மணிக்கு ரூம் வெடிச்சிருச்சு. மூணு பேரு.”

“நாம பறவை பாத்தமே, அன்னைக்கா?”

“அவனுக்கு அப்பவே தெரியும். எனக்குச் சாயங்காலந்தான் சொன்னான். மறுநாளே எடுத்துட்டாக. நாம வந்து என்ன செய்யப்போறோம்னு…”

“நான் சிரிச்சுக்கிட்டு இருந்தேனே. பாத்துக்கிட்டுத்தான இருந்தீக?”

வீட்டுக்குப் போகாமல் நேரே மாடத்தி வீட்டு வாசலில் இறங்கினாள். அவள் புருஷன் இருளாண்டி மொட்டைத் தலையோடு உட்கார்ந்திருந்தார். அவர் வைவார், மண்ணை வாரித் தூற்றுவார் என்றுதான் நினைத்தாள். பக்கத்து வீட்டுப் பெண்களும் அதை எதிர்பார்த்து வெளியே வந்து நின்றார்கள். அவர் எழுந்து பாயை உதறிப் போட்டார்.

“வாங்க மதினி. பிரயாணம் எல்லாம் நல்லா இருந்துச்சா?”

அவர் உண்மையாகவே கேட்டார். சண்முகத்தாய் சிவப்பு நகங்களை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். அழுகை வரவில்லை.

மூன்று மாதம் கழித்து, புது அறை கட்டியாயிற்று, வந்து உட்காரு என்று போர்மேன் ஆள் அனுப்பினார். அவள் போகவில்லை. சாத்தூரில் ஒரு தீப்பெட்டி ஆபீசில் பெட்டி அடைக்கும் வேலைக்குச் சேர்ந்தாள். காலையில் பஸ் ஏறிப் போய்ச் சாயங்காலம் வந்தாள். மாடத்தி வீட்டுத் தெரு வழியாக நடப்பதை விட்டாள்.

பாண்டிராஜ் போட்டோக்களைக் கழுவித் தபாலில் அனுப்பியிருந்தான். ஓரத்தில் தேதி விழுந்திருந்தது. புதன்கிழமைக்குப் பிறகு எடுத்தவற்றை மட்டும் இசைவாணியைப் பிரித்துத் தரச் சொன்னாள். எல்லாவற்றிலும் அவள் நடுவில் பல் தெரிய நின்றாள். இரண்டு பக்கமும் மகனும் புருஷனும் கேமராவைப் பார்த்துச் சிரித்தார்கள். அவள் தன்னைப் பார்க்கவில்லை, அந்த இரண்டு முகங்களையே பார்த்தாள். எப்படி முடிந்தது இவர்களால் என்று ஆத்திரப்பட்டாள். எப்படித் தாங்கினார்களோ என்றும் நினைத்தாள். இரண்டில் எது மேலோங்கியது என்று அவளுக்கே தெரியவில்லை.

மகனோடு பேசாமலேயே இருந்தாள். ஆவணியில் ஒருநாள் இசைவாணி போனை வலுக்கட்டாயமாக அவள் காதில் வைத்தாள். அந்தப் பக்கம் பாண்டிராஜ் அழுதான்.

“மூணு நாளாவது நீ சந்தோசமா இருக்கணும்னுதாம்மா சொல்லல.”

“இருந்தேன்லே,” என்றாள் சண்முகத்தாய். “அதத்தான் தாங்க முடியல.”

அதற்குப் பிறகு ஞாயிறுதோறும் அவனோடு பேசினாள். அடுத்த வருடம் மறுபடி வரச் சொல்லிக் கூப்பிட்டான். வேலுச்சாமியும் இசைவாணியும் போய் வந்தார்கள்.